பாவு பிணைக்கிறவர் யாருடைய ஆள்?

போன மாதம், நான் வேலை பார்த்த பட்டு நெசவுக் கொட்டகையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். என் இடத்துக்குப் புதிதாக வந்திருப்பவள். தொழிலாளர்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் முதலாளி என்னென்ன செய்ய வேண்டும் என்று மறுபடியும் ஏதோ விதிகள் வந்திருக்கின்றனவாம். "அக்கா, கொரோனா சமயத்துல நீங்கதானே எல்லாம் பாத்துக்கினு இருந்தீங்க? அப்ப யாரையெல்லாம் நம்ம ஆள்னு சேத்தீங்க? அதையே நானும் போட்டுடறேன்" என்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை. ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லாததால் இப்படி எழுதிப் பார்க்கிறேன்.

முப்பத்திரண்டு வயதில் பணி ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். திரும்பப் போவேனா என்று எனக்கே தெரியாது. ஆகவே என் வேலைக்காலம் என்பது அந்தக் கொட்டகையில் இருந்த சில வருடங்கள்தான். பி.காம். முடித்துக் கம்ப்யூட்டரும் படித்துக் கணக்கு எழுதச் சேர்ந்தேன். காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தும் எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் எழுத்தர். தறிக்கு நீளவாக்கில் பூட்டும் இழைகளுக்குப் பாவு என்று பெயர், ஒரு பாவில் சில புடவைகள் நெய்யலாம், அது தீர்ந்தால் அடுத்த பாவை ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நோய் வந்தபோது என் மகன் கைக்குழந்தை. பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய சில வாரங்களிலேயே ஊரடங்கு வந்தது. பிறகு தளர்வு அறிவித்து, நிபந்தனைகளோடு கொட்டகையைத் திறக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு வேலையிடத்திலும் நோய்த்தடுப்புக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அவர் பெயரை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. மேலாளர் ஏகாம்பரம் சார் என் பெயரை எழுதச் சொன்னார். வந்த சுற்றறிக்கைகளில் பாதி ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைத் தடங்கலில்லாமல் படித்தது நான் ஒருத்திதான். வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

ஏகாம்பரம் சாரைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. அவர் எதற்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. சுற்றறிக்கை வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு என்னைப் படிக்கச் சொல்வார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே கேட்பார். ஒவ்வொரு பத்திக்கும் ஒரே கேள்வி.

"இது கட்டாயம் செய்யணும்னு சொல்லுதா, செஞ்சா நல்லதுன்னு சொல்லுதா?"

"கட்டாயம்னுதான் சார் தோணுது."

"தோணுதா, இருக்குதா?"

நான் மறுபடியும் படிப்பேன். முதலில் படித்தபோது கட்டாயமாகத் தெரிந்தது இரண்டாம் முறை அப்படித் தெரியாது. அடுத்த வாரம் வேறொரு சுற்றறிக்கை வந்து முந்தையதை மாற்றியிருக்கும். அவர் கடைசியில், "பாத்துக்கலாம்மா" என்பார். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்வதா, மறுப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று நான்தான் முடிவுசெய்ய வேண்டும். இப்போது யோசித்தால், அவர் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தார் என்று சொல்ல முடியவில்லை. முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதர். செய்யத் தேவையில்லாததைச் செய்துவிட்டோமோ என்ற பயமும், செய்ய வேண்டியதை விட்டுவிட்டோமோ என்ற பயமும் அவருக்குச் சம அளவில் இருந்தன.

செய்தவற்றைச் சொல்கிறேன். வாசலில் சோப்பும் தண்ணீரும் வைத்தோம். கைகழுவும் திரவம் வாங்கி வந்ததை நெசவாளர்கள் தொட மறுத்தார்கள். ஈரம் காயாத கையோடு உட்கார்ந்தால் பட்டில் திட்டு விழும் என்றார்கள். சோப்பு போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, கையை வெயிலில் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று ஏற்பாடானது. நான் வாசலில் நின்று ஒவ்வொருவர் நெற்றியிலும் வெப்பமானியைக் காட்டுவேன்.

"தலையைக் கொஞ்சம் தூக்குங்கண்ணா."

"சுட்டுடாதே மேடம், வீட்ல ரெண்டு பொண்ணு இருக்குது" என்பார் கோபால். கொட்டகையிலேயே மூத்த நெசவாளர். தினமும் இதைச் சொல்வார். தினமும் யாராவது சிரிப்பார்கள்.

தறிகள் எல்லாம் குழித்தறிகள். தரையில் குழி வெட்டிப் பதித்தவற்றை இடைவெளி விட்டு நகர்த்த முடியாது. ஆகவே ஒன்று விட்டு ஒரு தறி மட்டும் ஓட வேண்டும், மற்றவை அடுத்த வாரம் என்று வைத்தோம். கோர்வைப் புடவைதான் பெரிய சிக்கல். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருப்பதால் கரைக்குக் குறுக்கிழை கொண்டுபோகும் நாடாவைப் போட இன்னொருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். இருவருக்கும் நடுவே ஆறடி விட வேண்டுமென்றால் புடவை நெய்ய முடியாது. கணவனும் மனைவியும், அல்லது அண்ணனும் தம்பியும், ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்கள் மட்டும் ஒரே தறியில் உட்காரலாம் என்று நான் யோசனை சொன்னேன். ஏகாம்பரம் சார் கண்ணாடியைத் துடைத்தார். "பாத்துக்கலாம்மா" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மாலையில் சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போனதும் பின்கட்டில் குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவேன். என் குரல் கேட்டதும் அவன் உள்ளே அழத் தொடங்குவான். மாமியார் அவனை ஜன்னலருகே கொண்டுவந்து, "இதோ அம்மா வராங்க, இதோ" என்று காட்டுவார். தலைமுடியை இன்னொரு முறை அலசலாமா, அதற்குள் குழந்தை அழுது அழுது வாந்தி எடுத்துவிடுமோ என்று நின்றுகொண்டிருப்பேன். பால் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுக்கலாம் என்றார். அவர் சொன்னதைச் செய்தேன். அது போதுமா என்று தெரியாமலேதான் செய்தேன்.

இவ்வளவு ஏற்பாட்டிலும் ஒருவரை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. லோகநாயகி அக்கா.

தறியில் ஒரு பாவு தீர்ந்ததும், அதன் கடைசி இழை ஒவ்வொன்றோடும் புதுப்பாவின் இழை ஒவ்வொன்றையும் கையால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். இதைப் பிணைப்பது என்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். வழுக்காமல் இருக்க விரல்களைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு திருகு. லோகநாயகி அக்கா ஒரு தறியில் உட்கார்ந்தால் பகல் முழுவதும் அங்கேயே இருப்பார். பக்கத்தில் இருக்கும் நெசவாளரோடு பேசிக்கொண்டே விரல் ஓடும். கையுறை போட்டுக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது. எங்கள் கொட்டகையில் எல்லாத் தறிக்கும் அவர்தான் பிணைப்பார். மற்றக் கொட்டகைகளுக்கும், தறி வைத்திருக்கும் வீடுகளுக்கும் போவார்.

அவரை நாங்கள் நினைக்காததற்குக் காரணம் உண்டு. அவருக்குக் கொட்டகை கூலி கொடுப்பதில்லை. பாவு தீர்ந்த நெசவாளர்தான் சொல்லி அனுப்புவார், தன் கூலியிலிருந்து கொடுப்பார். அவர் முன்வாசல் வழியாக வருவதும் இல்லை. சாயப்பட்டறைப் பக்கத்துக் கதவு வழியாக நேரே தறிக்குப் போய்விடுவார். நான் முன்வாசலில் வெப்பமானியோடு நின்றுகொண்டிருப்பேன். ஒருவரோடு ஒருவர் சேராமல் நாங்கள் பிரித்து வைத்திருந்த அத்தனை தறிகளிலும் அவர் ஒருவர் மாறி மாறி உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் சுகாதார ஆய்வாளர் இரண்டு பேரோடு வந்து இறங்கினார். லோகநாயகி அக்காவின் தெருவில் காய்ச்சல் முகாம் நடந்து, அவருக்கு நோய் உறுதியாகி, மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கடைசியாகப் பிணைத்த இடமாக எங்கள் கொட்டகையைச் சொல்லியிருக்கிறார்.

"அவங்க உங்க தொழிலாளியா?" என்று ஆய்வாளர் பொதுவாகக் கேட்டார்.

தறிகள் நின்றுவிட்டன.

"நாங்க கூப்ட்டா வருவாங்க சார்" என்றார் கோபால்.

"கூலி யாரு குடுக்கறது?"

"நாங்கதான்."

"அப்ப நீங்கதான் அவங்களுக்கு முதலாளி. அவங்க லீவு, சம்பளம், மருந்து எல்லாத்துக்கும் நீங்கதான் பொறுப்பு."

பின்னாலிருந்து யாரோ, "கோபாலு முதலாளி ஆயிட்டான்பா, மாலை வாங்கியாங்க" என்றார்கள். முகக்கவசங்களுக்குள் சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. கோபால் சிரிக்கவில்லை. "நானே கூலிக்காரன் சார்" என்றார்.

ஆய்வாளர் வாசல் பலகையில் இருந்த என் பெயரைப் படித்து, யார் என்று கேட்டார். நான் முன்னால் வந்தேன்.

"நீங்க சொல்லுங்க. உங்க ஆளா, இல்லையா? உங்க ஆள்னா கொட்டகையை மூடணும். இங்க இருக்கறவங்க எல்லாருக்கும் டெஸ்ட். மூடியிருக்கற நாளுக்குக் கூலியை நிறுத்தக்கூடாது, அவங்களுக்கும் சேத்து. இல்லைன்னா, வெளியாள் வந்துட்டுப் போனதா எழுதிக்கறேன். தரையில மருந்தடிச்சுட்டு வேலையைப் பாருங்க."

நான் ஏகாம்பரம் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலோரம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெசவாளர்கள் என்னைப் பார்த்தார்கள். கல்யாணப் புடவைகள் பாதியில் நின்றன. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பிறகு அப்போதுதான் அவர்கள் கையில் கூலி புரளத் தொடங்கியிருந்தது. மருத்துவமனையில் படுத்திருந்த லோகநாயகி அக்காவுக்குக் கணவர் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வெளியாள் என்று எழுதிவிட்டால் அவருக்கு யாரும் எதுவும் தர வேண்டியதில்லை.

"எங்க ஆள்தான் சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவருக்காகச் சொன்னேனா? இரண்டு நாட்களுக்கு முன்னால் அவர் தண்ணீர் கேட்டபோது நான்தான் சொம்பைக் கையில் கொடுத்திருந்தேன். எங்கள் ஆள் என்றால் எனக்கும் பரிசோதனை செய்வார்கள், வீட்டில் குழந்தை இருக்கிறது என்ற எண்ணமும் அந்த நொடியில் ஓடியது. இரண்டில் எது முந்தியது என்று எனக்குத் தெரியவில்லை.

மருந்தடிக்கும் ஆள் குழாயை எடுத்தபோதுதான் கொட்டகையில் உண்மையான கலவரம். அந்த மருந்து பட்டால் பட்டு நிறம் விட்டுவிடும். தறிகளைப் பாலிதீன் தாள்களாலும் பழைய துணிகளாலும் மூடினோம். தாள் போதாமல் கோபால் தன் தறியின் மேல் கைகளை விரித்துக் கவிழ்ந்துகொண்டார். "என் மேல அடிங்க சார், பாவு மேல படக்கூடாது" என்றார். ஆய்வாளர் கடைசியில் தரைக்கு மட்டும் அடிக்கச் சொன்னார். வெளியே வரும்போது கோபால் என் பக்கம் திரும்பாமல், "எங்க வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரிசோதனையில் எங்களில் யாருக்கும் நோய் இல்லை. நல்ல செய்திதான். ஆனால் நெசவாளர்கள், "ஒன்னுமே இல்லாததுக்கா மூடினோம்?" என்று கேட்டார்கள்.

மறுபடி திறந்தபோது கூலிக் கேள்வி வந்தது. நெசவாளர்களுக்கு நாள் சம்பளம் கிடையாது, புடவைக்கு இவ்வளவு என்று கூலி. நெய்யாத நாளுக்கு எதை நிறுத்தக்கூடாது? முந்தைய மாதங்களில் நெய்ததைப் பார்த்துச் சராசரியாகக் கொடுக்கலாம் என்று ஏகாம்பரம் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். லோகநாயகி அக்காவுக்கு அந்த வழி பொருந்தவில்லை. கொட்டகை அவருக்கு எப்போதும் எதுவும் கொடுத்ததில்லை என்பதால் பார்க்க ஒன்றும் இல்லை. சார் நெசவாளர்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"மூடாம இருந்திருந்தா, இந்த நாள்ல யார் யார் பாவு தீந்திருக்கும்? யார் யார் அவங்கள பிணைக்கக் கூப்ட்டிருப்பீங்க?"

முதலில் கை தூக்கியவர் கோபால். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் தூக்கினார்கள். மூடுவதற்கு முன்தினம் புதுப்பாவு ஏற்றியவரும் தூக்கினார். அவர் தறியில் பாவு உருளை உருண்டு திரண்டு எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது.

சார் அதைப் பார்த்தார். "உன்னுதுமா தீந்திருக்கும்?"

"கொஞ்சம் வேகமா நெய்வேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லாப் பாவுக்கும் கணக்குப் போட்டு அக்காவின் மகளிடம் கொடுத்தனுப்பச் சொன்னார். என்னிடம் கோபமாக இருந்த அதே ஆட்கள்தான். கோபம் தணிந்துதான் கை தூக்கினார்களா, கோபத்தோடேயே தூக்கினார்களா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

லோகநாயகி அக்கா இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். கோபாலின் பாவு இப்போது உண்மையிலேயே தீர்ந்திருந்தது. அக்காவை இந்த முறை முன்வாசல் வழியாக வரச் சொன்னேன். வெப்பமானியைக் காட்டினேன். அவர் நெற்றியைக் காட்டினார். அவர் தறியில் உட்கார்ந்ததும் ஏகாம்பரம் சார் என்னருகில் வந்து நின்றார்.

"இந்தப் பாவுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சு இல்லம்மா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்தப் பாவு தீர்ந்துவிட்டதாகச் சொல்லித்தான் பணம் போனது. அப்படிப் பார்த்தால் எல்லாத் தறிக்கும் ஒரு சுற்று அவர் கூலியில்லாமல் பிணைத்துத் தர வேண்டும். நெசவாளர்கள் அவருக்காகச் சொன்ன பொய் அவர் தலையில் கடனாக ஏறிவிடும்.

"அது அவங்க முடியாம இருந்த நாளுக்குக் குடுத்தது சார். இது வேற பாவு, வேற கூலி."

"அப்படின்னு சுற்றறிக்கையில இருக்குதா?"

"இருக்குது சார்."

தோணுதா, இருக்குதா என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இனிமே இவங்களும் நம்ம ஆளு. அப்ப விதி இவங்களுக்கும்தான். ஒரு எடத்துல வேலை செய்யறவங்க இன்னொரு எடத்துக்குப் போகக்கூடாதுன்னு போட்டிருக்குது. நானே சொல்லிடறேன்" என்றார். தறிப் பக்கம் போய், குனிந்து, மரியாதையாக அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா விரலை நிறுத்தாமல் தலையை ஆட்டினார்.

நான் மேசைக்கு வந்து சுற்றறிக்கைகளைப் புரட்டினேன். கூலி பற்றி நான் சொன்னது அதில் அப்படியே இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாதபடி ஒரு வரி இருந்தது. ஒரே இடம் என்ற விதி மட்டும் யாருக்கும் சந்தேகம் வராதபடி தெளிவாக இருந்தது. எங்கள் கொட்டகையின் பாவுகளை மட்டும் பிணைத்தால் அந்த அக்காவுக்கு மாதத்தில் சில நாள்தான் வேலை. ஊரெல்லாம் சுற்றியதால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மாலையில் கோபால் வழக்கம்போல் தன் கையிலிருந்தே அக்காவுக்குக் கூலி கொடுத்தார். கொட்டகை கொடுக்குமா, நீங்கள் கொடுக்க வேண்டுமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். விரல் நுனிகளில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"யம்மா, பிள்ளையார்பாளையத்துல ஒரு வீட்ல பாவு நிக்குது. ஒடம்பு தேறிட்டா வாங்கன்னு சொல்லிக்கினு இருக்காங்க. இத்தினி நாளா பயந்துக்கினு வெளில யாரும் கூப்டல, இவங்கதான் மொதல்ல கூப்ட்டாங்க. போலாமா?"

"என்னை ஏன்க்கா கேக்கறீங்க?"

"உன்னைக் கேக்காம வேற யாரைக் கேக்கறது? நான் உங்க ஆளாமே. வேற எடத்துக்குப் போகக்கூடாதுன்னு சாரு சொல்லிட்டாரு. வாசல்ல உன் பேருதானே எழுதியிருக்குது."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். இத்தனை வருடங்களாக எந்தத் தெருவுக்கும் எந்த வீட்டுக்கும் தன் இஷ்டப்படி போய் வந்தவர், கையைக் கட்டிக்கொண்டு என் பதிலுக்காக நின்றார். போகாதீர்கள் என்று சொல்வதுதான் விதி. அந்த விதி என் குழந்தைக்கும் நல்லது.

"போய்ட்டு வாங்கக்கா" என்றேன்.

"வந்தா உள்ள விடுவியா?"

"விடுவேன்."

"சாரு கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

அக்கா முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு வாசல் வரை போனார். போனவர் திரும்பினார்.

"நாளான்னிக்கு வேற ரெண்டு வீடு இருக்குதும்மா. அதுக்கும் வந்து கேக்கணுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் அவர் எங்கள் ஆள் இல்லை என்று நானே சொன்னதாகிவிடும். அடுத்த முறை படுத்தால் யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. கேளுங்கள் என்றால், அவருடைய ஒவ்வொரு நாளையும் இனி நான் கொடுத்து அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் தெருமுனையில் திரும்பிவிட்டார்.